ரயிலடியில் ஒரு பல்கலைக்கழகம்



ஜூன் பிறந்தால் கோட்டூர்புரத்துத் தெருக்களில் மெத்தைகள் நடமாடத் தொடங்கிவிடும். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற பையன் விட்டுப்போகும் மெத்தை, வாளி, டேபிள் ஃபேன், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் புதிதாக வந்திறங்கும் பையனின் கைக்கு மாறும். பேரம் மாடிப்படியிலேயே முடிந்துவிடும். ஆட்கள் மாறுவார்கள், மெத்தை மட்டும் பேட்டையை விட்டுப் போகாது. டீக்கடைக்காரர் புது முகங்களுக்குச் சர்க்கரை அளவு கேட்டுப் பழகுவார். ஜெராக்ஸ் கடையில் ‘ஹாஸ்டல் அட்மிஷன் ஃபார்ம் இங்கே கிடைக்கும்’ என்று ஒரு தாள் ஒட்டப்படும். அப்போதுதான் எங்களுக்குப் புது வருஷம். ஜனவரி, சித்திரையெல்லாம் காலண்டருக்குத்தான்.

இந்த மாத இதழ், கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஒட்டி வாழ்கிறவர்களைப் பற்றியது. பாளையங்கோட்டையிலிருந்தும் சிதம்பரத்தின் அண்ணாமலை நகரிலிருந்தும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முன் நான் குடியிருக்கும் பக்கத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். கிண்டி, கோட்டூர்புரம், அடையாறு, தரமணி என்று மாநகராட்சிக் கணக்கில் இவை தனித்தனிப் பகுதிகள். படிக்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே பேட்டைதான்.

சர்தார் பட்டேல் சாலையில் ஒரு முறை போய்வந்தால் இது விளங்கும். ஒரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். எதிர்ப்பக்கம் ஆளுநர் மாளிகை, காந்தி மண்டபம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஐ.ஐ.டி. மத்திய கைலாஷில் திரும்பித் தரமணிப் பக்கம் போனால் கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், திரைப்படக் கல்லூரி, சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம். கைநாட்டுக்காரருக்கும் கணித மேதைக்கும் ஒரே பேருந்து நிறுத்தம்.

எல்லாம் ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. 1794-ல் ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி, சேப்பாக்கம் கலச மகாலில் பல காலம் இருந்துவிட்டு 1920-ல் கிண்டிக்கு வந்தது. அன்றைக்குக் கிண்டி என்றால் ஊருக்கு வெளியே உள்ள காடு. 1944-ல் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1959 ஜூலை 31 அன்று, மேற்கு ஜெர்மனியின் துணையோடு அமைந்த ஐ.ஐ.டி.யின் தொடக்க விழா தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கில் நடந்தது. சொந்தக் கட்டடம் எழும்பும்வரை அக்கம்பக்கத்து நிறுவனங்கள்தான் அதற்கு இடம் கொடுத்தன. 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா கல்லூரி, கட்டடக்கலைக் கல்லூரி, குரோம்பேட்டையிலிருக்கும் எம்.ஐ.டி. ஆகிய நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. புதிதாக வருகிறவருக்குப் பழையவர் திண்ணையில் இடம் தருவது இந்தப் பேட்டைக்கு ஐ.ஐ.டி. வந்த நாளிலிருந்தே உள்ள பழக்கம்.

காட்டை வெட்டித்தான் இத்தனையும் கட்டினார்கள். ஆனால் வளாகச் சுவர்களுக்குள் இருந்ததால்தான் மிச்சக் காடாவது பிழைத்தது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகமும் இல்லையென்றால் சென்னையின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் ஏது? ஐ.ஐ.டி. விடுதிகளுக்குக் காவிரி, நர்மதா, தாமிரபரணி, சரயு என்று ஆறுகளின் பெயர்கள். விடுதி வாசலில் மான் மேய்வதைப் பார்த்து முதலாண்டு மாணவர்கள் போட்டோ எடுப்பார்கள். இரண்டாமாண்டில் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் போய்விடும் என்பதை மட்டும் நான்காண்டும் மறக்க மாட்டார்கள்.

மாணவர்கள் சூழ வாழ்வதில் ஒரு சுகம் உண்டு. பேட்டைக்கு வயதே ஏறுவதில்லை. எனக்கு முடி நரைத்தது. தெருமுனை டீக்கடையில் நிற்கும் கும்பலுக்கு இன்றும் இருபது வயதுதான். அவர்களின் நாள்காட்டிதான் எங்களுடையதும். ஜனவரியில் ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழா என்றால் இரவு வெகுநேரம் பாட்டுச் சத்தம் காற்றில் வரும். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் டீக்கடையில் அரட்டை அடங்கும். ரிசல்ட் வந்த மறுநாள் கோயிலிலும் பேக்கரியிலும் கூட்டம். அரியர் விழுந்தவர்கள் கோயில் பக்கம், தப்பியவர்கள் பேக்கரி பக்கம்.

இந்தப் பேட்டையின் நிஜமான மையம் எது என்று கேட்டால் ஜெராக்ஸ் கடை என்பேன். ஏப்ரல் கடைசியில், புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை அங்கே போய் நிற்க வேண்டும். கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து காயக் காத்திருக்கும் நாலு பேர். நன்றியுரையில் கைடின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சும் ஒருத்தி. பென் டிரைவில் வைரஸ் என்று தலையில் கை வைத்திருக்கும் ஒருவன். கடைக்காரர் அண்ணன் யாருக்கும் பதற மாட்டார். “மார்ஜின் ஒன்றரை இஞ்சா விட்டிருக்கியா? பைண்டிங்ல எழுத்து உள்ள போயிடும், பாரு” என்பார். கைடு கவனிக்காத பிழையை அவர் கவனித்திருப்பார். அவர் கைபடாமல் எங்கள் பேட்டையில் யாரும் பட்டம் வாங்கியதில்லை.

சுகம் மட்டும் சொன்னால் போதாது. வாடகை விஷயத்துக்கு வருவோம். வளாகங்களும் அவற்றையொட்டி வந்த டைடல் பார்க்கும் மென்பொருள் அலுவலகங்களும் சேர்ந்து இங்கே வீட்டு வாடகையைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டன. ஒரு படுக்கையறை வீட்டை மூன்றாகத் தடுத்து, தடுப்புக்கு இரண்டு கட்டில் போட்டு ‘பி.ஜி.’ என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். தனியாக வீடு கேட்டுப் போகும் மாணவர்களிடம் முதல் கேள்வி, “பேச்சிலரா?” இரண்டாவது, “நான்வெஜ் சமைப்பீங்களா?” மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள்; எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று சுற்றி வளைப்பார்கள். அம்பேத்கர் பெயரில் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிற பகுதியில், சட்டம் படிக்க வந்த பிள்ளை ‘டூ-லெட்’ பலகைக்கு முன்னால் முதல் பாடத்தைப் படிக்கிறது. என் தெருவிலும் இது நடக்கிறது. படித்தவர்கள் அதிகம் வாழும் இடம் என்று நாம் பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் குடியிருந்தால்தான் படிக்க முடியும் என்றால் இந்த வளாகங்கள் வசதியுள்ளவர்களுக்கே ஆகியிருக்கும். அப்படி ஆகாமல் காப்பாற்றி வருவது ரயில். பல்கலைக்கழகம் இருப்பதால் பேட்டை களைகட்டுகிறது என்பார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை ஊருக்கெல்லாம் சொந்தமாக்குவது பக்கத்தில் வந்து நிற்கும் ரயிலும் பஸ்ஸும்தான் என்பது நான் இத்தனை வருஷம் இங்கே பார்த்துத் தெரிந்துகொண்டது.

கிண்டி ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு மீட்டர் கேஜ். இன்றைக்கு அகலப்பாதையில் செங்கல்பட்டு வரைக்கும் போகிறது. அதில் வந்திறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் திரு.வி.க. தொழிற்பேட்டைக்கும் அலுவலகங்களுக்கும் போவார்கள். மீதியில் பலரது தோளில் ஒரு பை, கையில் ஏ3 அளவு டிராயிங் ஷீட் உருளை. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், ஊரப்பாக்கம் என்று தினமும் வந்துபோகிற பிள்ளைகள். திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் அதிகம்: சென்ட்ரலின் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் ஏறி, கிண்டியில் இறங்க வேண்டும். வீட்டிலிருந்து வகுப்பறைக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்கிக்கொள்ளலாம், படிக்கலாம், ஜன்னலோரம் கிடைத்தால் இரண்டையும் செய்யலாம்.

செலவு எவ்வளவு என்று பாருங்கள். புறநகர் ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே போய்வர இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம் என்று ரயில்வே விதியே இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. கல்லூரியில் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கிராமத்துப் பெண்ணொருத்தி வீட்டில் “போய்ட்டு வர்றேன்ப்பா, செலவு ஒண்ணுமில்ல” என்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை கல்யாணப் பேச்சுகள் நாலு வருஷம் தள்ளிப்போயிருக்கின்றன என்பதை நம் வாசகிகள் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

கோட்டூர்புரத்துக்காரர்களுக்குப் பறக்கும் ரயில்தான் வாசல் வண்டி. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று தவணை முறையில் வந்து சேர்ந்தது. பக்கிங்காம் கால்வாயின் மீது தூண் நட்டுத்தான் பெரும்பகுதிப் பாதையைப் போட்டார்கள். கால்வாய் அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆனாலும் கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று அது நிற்கும் ஒவ்வொரு நிலையமும் ஏதோ ஒரு கல்விக்கூடத்துக்கு நடை தூரம். கிண்டியில் 2016 செப்டம்பரில் மெட்ரோவும் வந்தது. இப்போது விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு இறங்கும் ஆராய்ச்சி மாணவரும், ஊரப்பாக்கத்திலிருந்து சோற்று டப்பாவோடு இறங்கும் டிப்ளமோ மாணவரும் ஒரே நடைமேம்பாலத்தில் எதிர்ப்படுகிறார்கள். மாதவரம் – சிறுசேரி மெட்ரோ தடத்துக்காக அடையாற்றுக்குக் கீழே சுரங்கமும் தோண்டியாகிவிட்டது.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். எழும்பூர் – கடற்கரை நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2024 அக்டோபர் இறுதி வரை பறக்கும் ரயில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ஓடவில்லை. வேளச்சேரியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் மூன்று நிலையங்கள்தான். வடசென்னையிலிருந்து வருகிறவர்களுக்கோ அந்த மூன்றுதான் மொத்தப் பயணத்தின் மூட்டு. இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி ஏறி வருவதற்குள் முதல் வகுப்பு போய்விடும். அந்தப் பதினான்கு மாதங்களில் வருகைப் பதிவேட்டில் விழுந்த ஆப்சென்ட்டுகளை யாரும் ரயில்வே கணக்கில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கிண்டி என்றதும் வாசகர்கள் பலருக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். பொறியியல் கவுன்சலிங். 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2017 வரை ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வரும். இரவு பஸ்ஸில் புறப்பட்டு விடிகாலையில் கோயம்பேட்டில் இறங்கி, அங்கே முகம் கழுவி, நகரப் பேருந்தில் வந்து சேர்வார்கள். மகன் அல்லது மகளின் கையில் கட்-ஆஃப் மதிப்பெண் எழுதிய கடிதம். அப்பாவின் சட்டைப் பையில் டி.டி.; அம்மாவின் கூடையில் புளிசாதம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். நாம் நினைத்த கல்லூரிக்கு நேரே எண் குறையக் குறைய அப்பாக்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். வாசலுக்கு வெளியே தனியார் கல்லூரிகளின் நோட்டீஸ்கள் கையில் திணிக்கப்படும். பேட்டைக்காரர்கள் பலர் அந்த நாட்களில் வழிகாட்டிகளாகவே மாறிவிடுவோம். “சார், ஈ.சி.ஈ. எடுக்கலாமா, மெக்கானிக்கல் எடுக்கலாமா?” என்று பஸ் நிறுத்தத்தில் நின்ற என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பத்திரிகைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் வர முடியாது. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று திருப்பிக் கேட்பேன்.

2018 முதல் கவுன்சலிங் இணையவழியில் நடக்கிறது. அலைச்சல் மிச்சம், செலவு மிச்சம், நல்லதுதான். இழந்ததும் ஒன்று உண்டு. ஊரில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளையின் அப்பா, பொறியியல் கல்லூரியின் செங்கல் கட்டடத்தின் படியில் ஒரு முறையாவது உட்கார்ந்துவிட்டுப் போனார். இந்த இடம் நமக்கும் உரியது என்ற தைரியம் அதில் கிடைத்தது. மொபைல் திரையில் சீட் கிடைக்கும். அந்த உட்காரல் கிடைக்காது.

அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது பெண்களுக்கு எவ்வளவு காலம் மூடிக்கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1940-ல்தான் கிண்டி பொறியியல் கல்லூரியில் முதல் மாணவி சேர்ந்தார். பெயர் லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைக்குழந்தையோடு விதவை. அப்பா பாப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகளுக்காக அவர் முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கினார். ஆண்களே நிறைந்த விடுதியில் ஒருத்தி தனியாக இருக்க வேண்டாமே என்று மேலும் மாணவிகளைத் தேடினார்கள். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். லலிதாவுக்குக் கதவு திறந்ததற்கு அவர் அறிவோடு, அப்பா அங்கேயே வேலை பார்த்ததும் ஒரு காரணம். பக்கத்தில் அப்பா இல்லாத பெண்ணுக்கு? அவளுக்குத்தான் ரயில் வேண்டியிருக்கிறது.

அப்துல் கலாமும் எங்கள் தடத்துக்காரர்தான். இளமையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். டெல்லிப் பதவிகளை விட்டுவிட்டு 2001 கடைசியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். 2002 ஜூன் 10 அன்று வகுப்பு முடிந்து வந்தவரிடம், தொலைபேசி விடாமல் அடிக்கிறது என்றார்கள். தன் அறைக்கு வந்து எடுத்துப் பேசினால் மறுமுனையில் பிரதமர் வாஜ்பாய். குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சம்மதமா என்ற கேள்வி. நாட்டின் முதல் குடிமகன் ஆவதற்கான அழைப்பு கிண்டியில் ஒரு வகுப்பு முடிந்த கையோடு வந்தது என்பதில் பேட்டைக்காரர்களுக்கு இன்றும் ஒரு மிதப்பு.

எங்கள் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமில்லாத ஒன்று: அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்கள். அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அப்போதைய அரசு முடிவெடுத்தது, உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் தப்பியது. இன்றைக்குக் காலையில் கதவு திறக்கும் முன்பே வாசலில் ஒரு வரிசை நிற்கும். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் இடம் பிடிக்க வந்தவர்கள் அவர்கள். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எழுதப்போகிறவர்கள். வாடகை வீட்டில் படிக்க இடமில்லை, விடுதியில் அமைதியில்லை, இங்கே ஏ.சி.யும் மேஜையும் காசில்லாமல் கிடைக்கின்றன. மதியம் வெளியே மரத்தடியில் டப்பாக்களைத் திறந்து, யாருடைய அம்மா சமைத்தது என்று தெரியாமல் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிடுவார்கள். அவர்களில் பலருடைய பையில் பறக்கும் ரயிலின் சீசன் டிக்கெட் இருக்கும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் முத்தையா, வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த பழைய தமிழ் அச்சுப் பிரதிகள் அதன் அடித்தளம். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தது. 1994-ல் நூலகம் உருவானது. நூறு வருஷத்துக்கு முந்தைய நாடக நோட்டீஸையோ சமையல் புத்தகத்தையோ பார்க்க வேண்டுமென்றால், பட்டமோ பரிந்துரையோ தேடி அலைய வேண்டியதில்லை. ரயிலேறி வந்தால் போதும். நம் இதழின் பழைய கட்டுரைகள் சிலவற்றுக்கு ஆதாரம் தேடியது அங்கேதான்.

இத்தனை வண்டிகள் இருந்தும் குறை எங்கே என்றால், நிலையத்துக்கும் வாசலுக்கும் நடுவே. பறக்கும் ரயில் நிலையங்கள் அரண்மனை அளவுக்குப் பெரியவை. உள்ளே பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். மாலை ஏழுக்கு மேல் அந்தப் படிக்கட்டுகளில் தனியாக இறங்கும் பெண், மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் நடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஏற ஏற வண்டிகளின் இடைவெளி நீளும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், பைக், ஆக்கிரமிப்பு, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறிக் கோட்டூர்புரத்துக்குள் நுழைந்ததை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு, செங்கல்பட்டிலிருந்து கிண்டி வரையான தூரத்தைவிட, கிண்டி நிலையத்திலிருந்து வகுப்பறை வரையான தூரம்தான் கடினம். கோடிகளைக் கொட்டிப் பாலமும் சுரங்கமும் கட்டுகிறோம். கடைசி அரை கிலோமீட்டருக்கு ஒரு நல்ல நடைபாதையும் நாலு விளக்கும் போடக் காசில்லாமலா போய்விடும்?

புது இடத்தில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் வாசகர்களுக்கு ஒரு யோசனை. கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கிறீர்கள், வேலைவாய்ப்பைக் கேட்கிறீர்கள், கட்டாயம் கேளுங்கள். கூடவே ஒரு நாள் சாயங்காலம், நூலகம் மூடும் நேரத்துக்கு அங்கே போய், கல்லூரி வாசலிலிருந்து நிலையம் வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பஸ் வருகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தாலும், ஆறு மணிக்கு மேல் வழி பயமாக இருந்தால் உங்கள் மகளுக்கு அது ஆறு மணி நூலகம்தான்.

இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு காலியாக இருந்து, கேட்டு வருவது ஒரு மாணவராக இருந்தால், அட்வான்ஸும் வாடகையும் மட்டும் பேசுங்கள். குலதெய்வம் எதுவாகவும் இருக்கட்டும்.

அடுத்த இதழின் வாசகர் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் எந்த வண்டியில் ஏறிப் போய்ப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். டவுன் பஸ்ஸா, பாசஞ்சரா, அண்ணனின் சைக்கிளா, பால் வண்டியா. கட்டணம் எவ்வளவு, யார் இடம் பிடித்து வைத்தார்கள், எந்த நிறுத்தத்தோடு வண்டி நின்று அதற்கப்பால் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். இப்போதும் அந்த வழியில் பிள்ளைகள் போகிறார்கள் என்றால், அங்கே என்ன சரிசெய்ய வேண்டும் என்பதையும் ஒரு வரி சேருங்கள். வருகிற கடிதங்களைத் தொகுத்து, உரிய துறைகளுக்கு நம் இதழின் பெயரில் அனுப்பி வைப்போம்; பதில் வந்தால் அதையும் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்